வறுமை வரைபடத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை 2016 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் எந்தப் பகுதி எவ்வளவு ஏழ்மையில் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே ஓரளவு கணித்துவிடலாம் என்று அந்தக் கட்டுரை காட்டியது. இது செய்தியாகப் பரவியபோது, கணினி ஒன்று வானத்திலிருந்து பார்த்துத் தானாகவே ஏழைகளை அடையாளம் கண்டுவிட்டது என்பது போன்ற ஒரு தோற்றம் உண்டாயிற்று. உண்மையில் அந்த வரைபடத்தின் ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் பல அடுக்குகளில் மனிதர்களின் வேலை இருக்கிறது. அவர்கள் யார், ஒருவருடைய வேலை அடுத்தவருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், வறுமையை வரைபடமாக்குவது என்ற கருத்தும் எளிதில் விளங்கிவிடும்.

வறுமை வரைபடம் என்பது ஒரு நாட்டைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, அங்கே வாழ்வோரின் பொருளாதார நிலையை ஏதேனும் ஓர் அளவுகோலால் மதிப்பிட்டு, அந்த மதிப்பை நிறமாகக் காட்டும் வரைபடம். நாட்டு மக்களில் இத்தனை சதவீதம் ஏழைகள் என்ற ஒற்றை எண் அரசின் நிதிநிலை அறிக்கைக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய், உதவித்தொகை ஆகியவற்றை எந்த ஊருக்கு முதலில் கொண்டுசெல்வது என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது. அதற்குச் சராசரியை உடைத்து, வட்டாரம் வட்டாரமாக, முடிந்தால் ஊர் ஊராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருளாதார நிலையை அளக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒரு குடும்பம் உண்பது, உடுப்பது, செலவிடுவது அனைத்தையும் பணமதிப்பாக மாற்றி, தலைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது ஒரு வழி. உலக வங்கி 2015-இல் அறிவித்த 1.90 டாலர் என்ற வறுமைக்கோடு இந்த நுகர்வுக் கணக்கைச் சார்ந்ததுதான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நடந்த காலத்தில் நடைமுறையில் இருந்த கோடும் அதுவே. வீட்டின் தரை எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, மின்சாரம் உண்டா, வானொலியும் மிதிவண்டியும் இருக்கின்றனவா, குடிநீர் எங்கிருந்து வருகிறது போன்ற கேள்விகளின் விடைகளைச் சேர்த்து ஒரு சொத்துக் குறியீடு அமைப்பது மற்றொரு வழி. முதலாவது நுட்பமானது, ஆனால் சேகரிக்க மிகவும் கடினமானது. இரண்டாவது எளிது, ஆனால் சொத்து மெல்ல மாறும் தன்மை உடையது என்பதால், இந்த ஆண்டு விளைச்சல் பொய்த்துப்போய்ப் பட்டினி கிடக்கும் குடும்பத்தை அது உடனே காட்டிக்கொடுக்காது.

பல்கலைக்கழகம் ஒன்று வறுமையை வரைபடமாக்க முனைவது புதிதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1896-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற இளம் கறுப்பின அறிஞரைக் குறுகிய காலப் பணியில் அமர்த்தியது. அவர் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரித்து, அங்கு வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் நிலையைத் தரம் பிரித்து, தெருவாரியாக நிறமிட்டுக் காட்டினார். ஆய்வு 1899-இல் நூலாக வெளிவந்தது. ஆனால் அதைச் செய்தவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் முறையான ஆசிரியர் பதவி எதையும் தரவில்லை. கேள்வி கேட்டவரும் விடைகளை எழுதியவரும் வரைபடம் தீட்டியவரும் ஒருவரே என்பது அந்தக் காலத்து முறை. இன்றைய ஆய்வுகளில் இந்த வேலைகள் ஒருவரை ஒருவர் அறியாத பல கைகளுக்குப் பிரிந்துபோய்விட்டன.

ஸ்டான்ஃபோர்டு குழு கையில் எடுத்த சிக்கல் விவரப் பற்றாக்குறை. 2000 முதல் 2010 வரையிலான காலத்தில், அவர்களுடைய கட்டுரை குறிப்பிடும் 59 ஆப்பிரிக்க நாடுகளில் 39 நாடுகள், நாடு முழுவதற்குமான வறுமை அளவைக் கணக்கிட உதவும் குடும்பக் கணக்கெடுப்பை இரண்டு முறைகூட நடத்தியிருக்கவில்லை. அவற்றுள் 14 நாடுகள் ஒருமுறைகூட நடத்தவில்லை. காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஒரு கணக்கெடுப்புக்குப் பல மாதக் களப்பணியும் பெருந்தொகையும் தேவைப்படுகின்றன. போர் நடக்கும் பகுதிகளுக்குள் நுழையவே முடிவதில்லை. ஏழைகள் எத்தனை பேர் என்று வெளியே தெரிவதை விரும்பாத அரசுகளும் உண்டு.

அந்த அறுவரில் மூவர் பேராசிரியர்கள். டேவிட் லோபெல் வேளாண்மையும் தட்பவெப்பமும் சார்ந்த ஆய்வாளர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பயிர் விளைச்சலை மதிப்பிடுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர். மார்ஷல் பர்க் பொருளாதாரம் படித்துவிட்டுப் புவி அமைப்பியல் துறையில் பணியாற்றுபவர். தட்பவெப்பம் மக்களின் வருமானத்தையும் வாழ்வையும் எப்படிப் பாதிக்கிறது என்பதே அவருடைய முதன்மையான ஆர்வம். கணினி அறிவியலைச் சேர்ந்த ஸ்டெஃபானோ எர்மோன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்தே சுற்றுச்சூழல், வளர்ச்சி சார்ந்த சிக்கல்களுக்குக் கணினி முறைகளைப் பொருத்துவதில் ஈடுபட்டவர். கட்டுரையின் முதல் பெயர் மாணவரான நீல் ஜீன் என்பவருடையது. மற்றொரு மாணவரான மைக்கேல் ஷீ, உணவுப் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சேர்ந்த மேத்யூ டேவிஸ் ஆகியோர் மற்ற இருவர். அறிவியல் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் பெயர், வேலையின் பெரும்பகுதியைக் கையால் செய்தவருக்கு உரியது; பத்திரிகைகளோ பேராசிரியர்களின் பெயரையே முன்வைக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இந்தக் கூட்டணி ஏன் தேவைப்பட்டது என்பது, அவர்கள் எதிர்கொண்ட தடையைப் பார்த்தால் விளங்கும். படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி முறைகள், அதாவது செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள், பல்லாயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால்தான் எதையும் கற்கும். ‘இது இன்ன நிலையில் உள்ள ஊர்’ என்ற விடையோடு கூடிய படங்கள் நாட்டுக்குச் சில நூறுக்கு மேல் கிடையாது. கணக்கெடுப்பு நடந்த ஊர்கள் அவ்வளவே. படங்கள் கோடிக்கணக்கில் குவிந்துகிடக்கின்றன, விடைகளோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. பொருளாதார அறிஞர் மட்டும் இருந்திருந்தால் படங்களை என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. கணினி அறிஞர் மட்டும் இருந்திருந்தால் எந்த விடையை நம்புவது என்று தெரிந்திருக்காது.

அவர்கள் கண்ட வழிக்கு டிரான்ஸ்ஃபர் லேர்னிங் என்று பெயர்: ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்துக்கு எடுத்துச்செல்வது. பொது மருத்துவம் படித்து முடித்த ஒருவர் கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறும்போது, உடல் என்பது என்ன என்பதிலிருந்து அவர் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை அல்லவா? இங்கும் கணினி மூன்று படிகளில் பயின்றது.

முதல் படியில், படம் என்றால் என்ன என்பதையே கணினி கற்க வேண்டியிருந்தது. விளிம்பு, மூலை, வளைவு, புள்ளியமைப்பு ஆகியவற்றைப் பிரித்தறியும் திறமை அதற்கு இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பிலிருந்து கிடைத்தது. கணினி அறிவியலாளர் ஃபெய்ஃபெய் லீ தலைமையில் உருவாகி 2009-இல் அறிமுகமான அந்தத் தொகுப்பில் பிற்பாடு 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பூனை, நாற்காலி, கப்பல் என்று ஒவ்வொரு படத்திலும் இருப்பது எது என்பதை அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற இணைய வேலைத்தளம் வழியாகச் சிறு கூலிக்குப் பார்த்துச் சொன்னவர்கள், 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். தாங்கள் அடையாளம் காட்டிய பூனையும் கப்பலும் ஒருநாள் உகாண்டாவின் வறுமை வரைபடத்துக்கு உதவும் என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படிதான் இந்த ஆய்வின் உண்மையான நுட்பம் என்பது என் கருத்து. இரவில் பூமி எங்கே ஒளிர்கிறது என்பதைச் செயற்கைக்கோள்கள் பல பத்தாண்டுகளாகப் படம்பிடித்து வருகின்றன. நிலவொளியில் மேகங்களைப் பார்த்து வானிலை அறிவதற்காக அமெரிக்க ராணுவம் ஏவிய செயற்கைக்கோள்கள், நகரங்களின் விளக்கொளியையும் சேர்த்தே பதிவு செய்தன. ஒளி மிகுந்த இடம் வளம் மிகுந்த இடம் என்ற தொடர்பைப் பொருளாதார அறிஞர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் அதில் ஒரு பெருங்குறை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டால் எல்லா ஊரும் இருட்டுதான். கொடிய வறுமையில் இருக்கும் ஊரையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும் ஊரையும் இரவுப் படம் வேறுபடுத்திக் காட்டாது. யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அவர்களிடத்திலேயே இந்த அளவுகோல் பயனற்றுப்போகிறது.

ஆகவே இரவு ஒளியை விடையாகக் கொள்ளாமல், அதைப் பயிற்சிக்கான இடைக்கால ஆசிரியராக மட்டும் அவர்கள் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பைக் காட்டும் பகல் படத்தைக் கணினிக்குக் கொடுத்து, இந்த இடம் இரவில் எந்த அளவுக்கு ஒளிரும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். இரவு ஒளி உலகம் முழுவதற்கும் கிடைப்பதால் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. சரியாக ஊகிக்க வேண்டுமானால், பகல் படத்தில் எவையெல்லாம் பொருளாதார வாழ்வோடு தொடர்புடையவை என்பதைக் கணினி கவனித்தாக வேண்டும். பயிற்சி முடிந்தபின் உள்ளே பார்த்தபோது, சாலைகள், நீர்நிலைகள், நகரக் கட்டடங்கள், வயல்கள் ஆகியவற்றுக்கு அது தனித்தனியே எதிர்வினை காட்டியது தெரிந்தது. சாலை என்பது இப்படி இருக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் படி எளிமையானது. கணக்கெடுப்பு நடந்த ஊர்களைச் சுற்றியுள்ள படங்களைக் கணினியிடம் காட்டி, அது கவனித்த கூறுகளை எண்களாகப் பெற்று, அந்த எண்களுக்கும் கணக்கெடுப்பில் பதிவான நுகர்வு அல்லது சொத்து அளவுக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியலின் வழக்கமான முறையொன்றால் கண்டறிந்தார்கள். அந்தத் தொடர்பை வைத்து, கணக்கெடுப்பே நடக்காத இடத்துக்கும் மதிப்பீடு சொல்லலாம்.

கிடைத்த முடிவு இது: சொத்துக் குறியீட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டில் 55 முதல் 75 சதவீதத்தையும், நுகர்வில் உள்ள வேறுபாட்டில் 37 முதல் 55 சதவீதத்தையும் இந்த முறையால் விளக்க முடிந்தது. நுகர்வு விவரம் ருவாண்டாவுக்கு இல்லாததால் பின்னது மற்ற நான்கு நாடுகளுக்கு மட்டுமே உரியது. இந்தச் சதவீதங்களைப் பிழையாகப் புரிந்துகொள்வது மிக எளிது. 55 சதவீதம் என்றால் நூறு ஊர்களில் 55 ஊர்களைச் சரியாகச் சொன்னது என்று பொருளல்ல. ஊர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு முழுவதையும் ஒன்று எனக் கொண்டால், அதில் பாதிக்குச் சற்று மேலான பங்கு படத்தில் தெரியும் கூறுகளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, எஞ்சியது படத்தில் பிடிபடவில்லை என்பதே பொருள். ஒரு நாட்டின் விவரங்களில் பயிற்சி பெற்ற முறை, அண்டை நாட்டிலும் பெரிதும் தடுமாறாமல் செயல்பட்டது. கணக்கெடுப்பே இல்லாத நாடுகளுக்கு இது பயன்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் அதுதான்.

இனி, மூன்றாம் படியில் சாதாரணமாகச் சொல்லிச்சென்ற ‘கணக்கெடுப்பில் பதிவான அளவு’ என்பதற்கு வருவோம். அந்த அளவைப் பதிவு செய்தவர்கள் உகாண்டாவின் புள்ளியியல் நிறுவனம், மலாவியின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் போன்ற அமைப்புகள் அமர்த்திய கணக்கெடுப்பாளர்கள். நுகர்வைக் கேட்கும் கணக்கெடுப்பில், கடந்த ஏழு நாள்களில் வீட்டில் என்னென்ன சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்பதில் தொடங்கி, அதில் எவ்வளவு விலைக்கு வாங்கியது, எவ்வளவு சொந்த நிலத்தில் விளைந்தது, எவ்வளவு பிறர் கொடுத்தது என்று பொருள் பொருளாகக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கிலோவில் பதில் சொல்வதில்லை. ஒரு வாளி மக்காச்சோளம், ஒரு குவியல் தக்காளி, ஒரு கட்டுக் கீரை என்பார். குவியல் எவ்வளவு பெரியது? இதற்காகவே மலாவியில் சந்தைகளில் வாளிகளையும் குவியல்களையும் எடைபோட்டு, படம் எடுத்துத் தொகுத்து, அதைக் கணக்கெடுப்பாளர் கையில் கொடுத்து, இந்தப் படத்தில் இருப்பது போன்ற குவியலா, அந்தப் படத்தில் இருப்பதா என்று வீட்டாரிடம் கேட்கச் செய்தார்கள். அந்தப் பதில் கிலோவாகி, கிலோ பணமாகி, பணம் தலைக்கு இவ்வளவு என்றாகி, கடைசியில் ஊரின் சராசரியாகிறது. படத்தைப் பார்த்துக் கணினி ஊகிக்க முயன்ற எண் இதுதான்.

சொத்து விவரம் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது. அமெரிக்க அரசின் நிதியில் 1984-இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம் டிஎச்எஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்ததும், அங்குள்ள வீடுகள் அனைத்தையும் நடந்தே பட்டியலிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து பொதுவாக 25 முதல் 30 வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அங்கு மட்டுமே கேள்வி கேட்பார்கள். ஊரின் இருப்பிடத்தையும் பதிவு செய்வார்கள். ஆனால் ஆய்வாளர்களுக்குத் தரும்போது அதைச் சற்றே இடம் மாற்றித்தான் தருவார்கள். நகர்ப்புறத்தில் இரண்டு கிலோமீட்டர் வரையிலும், ஊர்ப்புறத்தில் ஐந்து கிலோமீட்டர் வரையிலும், சில இடங்களில் பத்து கிலோமீட்டர் வரையிலும் புள்ளி வேண்டுமென்றே நகர்த்தப்படும். நோய், பிள்ளைப்பேறு, குடும்ப வன்முறை பற்றியெல்லாம் மனம்விட்டுப் பதில் சொன்னவர்களை எவரும் தேடிப்போய்விடக் கூடாது என்பதற்கான காப்பு இது. ஸ்டான்ஃபோர்டு குழுவுக்கு இதனால் ஊரின் சரியான இடம் தெரியாது. ஆகையால் புள்ளியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் அகலமும் பத்து கிலோமீட்டர் நீளமும் கொண்ட கட்டத்தை எடுத்து, அதற்குள் இருக்கும் படங்களின் சராசரியை வைத்துக்கொண்டார்கள். பதில் சொன்னவரின் மறைவைக் காக்கும் விதி, வரைபடத்தின் துல்லியத்தைக் குறைக்கிறது. அது கொடுத்தே ஆக வேண்டிய விலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கெடுப்பாளர்களில் எவருடைய பெயரும் 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இல்லை. இருக்க வேண்டும் என்று அறிவியல் உலகின் வழக்கமும் கோரவில்லை. ஆயினும் டிஎச்எஸ் நாட்டறிக்கைகள் பலவற்றின் பின்னிணைப்பில் மேற்பார்வையாளர், கேள்வி கேட்டவர், விவரத்தைப் பதிந்தவர் என்று பக்கக்கணக்கில் பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

2020-இல் இதே ஆய்வகத்தினர் மேலும் சில மாணவர்களோடு இந்த முறையை விரிவுபடுத்தி, 23 ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 20,000 ஊர்களின் விவரங்களைப் பயன்படுத்தினார்கள். எவரும் இலவசமாகப் பெறக்கூடிய லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள் படங்களே போதும் என்றும், பயிற்சியில் சேர்க்கப்படாத நாட்டிலும் ஊர்களின் சொத்து வேறுபாட்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தை விளக்க முடிகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. குறைகளும் தெளிவாகவே இருக்கின்றன. இந்த வகை மதிப்பீடுகள் இரு முனைகளையும் நடுவை நோக்கி இழுக்கும். மிக ஏழ்மையான ஊர் உள்ளதைவிடச் சற்று வசதியாகவும், மிக வசதியான ஊர் சற்று ஏழ்மையாகவும் தெரியும். ஓர் ஊரின் நிலை ஐந்தாண்டுகளில் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்வது, இரு ஊர்களை ஒப்பிடுவதைவிடக் கடினம். ஒரே ஊருக்குள் எந்த வீடு ஏழை என்பதை இந்த முறையால் சொல்லவே முடியாது.

அந்தக் கடைசிக் குறையை வேறொரு பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் அணுகியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜோஷுவா புளூமன்ஸ்டாக், கைபேசி அழைப்புப் பதிவுகளிலிருந்து ஒருவரின் பொருளாதார நிலையை ஊகிக்கலாம் என்று ருவாண்டா விவரங்களைக் கொண்டு 2015-இல் காட்டியிருந்தார். 2020-இல் கொரோனாக் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோ, நோவிசி என்ற பணவுதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதை ஊர்ப்புறங்களுக்கு விரிவாக்கியபோது, முதலில் செயற்கைக்கோள் அடிப்படையிலான வரைபடத்தால் மிக ஏழ்மையான 100 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் கைபேசிப் பயன்பாட்டைக் கொண்டு தனிநபர்களைத் தேர்ந்தார்கள். இதுபற்றி 2022-இல் வெளிவந்த மதிப்பீடு நேர்மையானது. வட்டாரத்தை மட்டும் பார்த்துப் பணம் தரும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், உதவி கிடைக்க வேண்டியவர் விடுபட்டுப்போகும் பிழை 4 முதல் 21 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லாக் குடும்பங்களின் விவரமும் அடங்கிய முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தால் கிடைத்திருக்கும் முடிவோடு ஒப்பிட்டால், அதே பிழை 9 முதல் 35 சதவீதம் கூடுதல். டோகோவிடம் அப்படியொரு பதிவேடு இல்லை. இருப்பதில் நல்லதை எடுத்துக்கொண்டார்கள். இங்கும் கணினிக்கு விடைகளைக் கொடுத்தவர்கள், தொலைபேசியிலும் நேரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் கேள்வி கேட்டவர்கள்தான்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை வெட்டியபோது டிஎச்எஸ் திட்டமும் நிறுத்தப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளை நடத்தியிருந்த திட்டம் அது. தொடங்கி நடுவில் நின்றுபோன சில கணக்கெடுப்புகளை முடிக்கப் பிறகு தனியார் அறக்கட்டளை நிதி வந்தது. பழைய அளவுக்கு அல்ல. செயற்கைக்கோள்கள் வழக்கம்போலப் படமெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஏற்கெனவே பயிற்சி பெற்ற கணினி முறை, கேட்கும்போதெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். ஓலைக் கூரை தகரக் கூரையாவதற்கும் வருமானம் உயர்வதற்கும் 2010-களில் இருந்த தொடர்பு 2030-இலும் அப்படியே இருக்குமா என்பதைச் சரிபார்க்க, அந்த ஆண்டில் யாராவது அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கப்படாத நாடுகளில், எண் வந்துகொண்டே இருந்தாலும் அதன் பிழை எவ்வளவு என்பதைக் கணக்கிட ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு வழி கிடையாது.